டிரைவ் ஓடும்போது மட்டும் சிஆர்சி பிழை: இரு பேனல்களுக்கு இடையே ஷீல்டை எப்படி எர்த் செய்வது?

பிஎல்சி (இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி) பேனலுக்கும் ரிமோட் ஐஓ (தொலைவில் உள்ள உள்ளீடு/வெளியீடு) பேனலுக்கும் நடுவே 70 மீட்டர் கேட்6 எஸ்/எஃப்டிபி (ஷீல்டு உள்ள ஈதர்நெட்) கேபிள். இரு பக்கமும் டிஐஎன் ரயில் மேனேஜ்டு ஸ்விட்ச், 24 வோல்ட் டிசி, 100 எம்பிபிஎஸ். 75 கிலோவாட் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடத் தொடங்கியதும் இந்தக் கேபிள் செருகிய ஸ்விட்ச் போர்ட்டில் சிஆர்சி பிழை (கெட்டுப்போய் வரும் டேட்டா) எண்ணிக்கை ஏறுகிறது. ஐஓ விட்டுவிட்டுத் துண்டிக்கப்படுகிறது. லிங்க் விளக்கு அணைவதில்லை. டிரைவ் நின்றால் ஒரு பிழைகூட இல்லை. இரண்டு வாரமாக இதே நிலை.

பேட்ச் கார்டு, ஆர்ஜே45 முனைகள், போர்ட் எல்லாம் மாற்றியாயிற்று. சர்டிஃபையர் சோதனையில் கேபிள் பாஸ். இரு முனையும் ஆட்டோ நெகோஷியேஷனில், ஃபுல் டூப்ளெக்ஸில்தான் உள்ளன. டேட்டா ட்ரேயை மோட்டார் கேபிளிலிருந்து 300 மிமீ விலக்கினோம், கொஞ்சம் குறைந்தது. மோட்டார் கேபிள் ஷீல்டு உள்ளது, இரு பக்கமும் 360 டிகிரி கிளாம்ப்.

சந்தேகம் எர்த் மேல்தான். இரு பேனல் எர்த் பார்களுக்கு இடையே 2.8 வோல்ட் ஏசி. ஈதர்நெட் ஷீல்டில் கிளாம்ப் மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டுகிறது. ரிமோட் முனையில் ஷீல்டைக் கழற்றினால் அந்தக் கரன்ட் போய்விடுகிறது, ஆனால் டிரைவ் வேகமெடுக்கும்போது பிழை அப்படியே வருகிறது. ஒரு முனை எர்த் உயர் அதிர்வெண் இரைச்சலுக்கு உதவாது என்பதால் இது எதிர்பார்த்ததுதான்.

ரிமோட் ஸ்விட்ச்சில் எஸ்எஃப்பி (ஃபைபர் மாட்யூல் செருகும் ஸ்லாட்) இல்லை, அதனால் ஃபைபர் என்றால் மீடியா கன்வெர்ட்டர் வேண்டும்.

ட்ரேயோடு 16 சதுர மிமீ செம்புக் கம்பி ஓட்டி இரு எர்த் பார்களையும் இணைத்து, ஷீல்டை இரு முனையிலும் கட்டினால் 70 மீட்டரில் இந்த இரைச்சல் அடங்குமா, அல்லது நேராக ஃபைபருக்குப் போவதுதான் வழியா?