ஜோடி கிடைக்கட்டும், அப்புறம் பேர் வைக்கலாம்

நாணயக் கண்காட்சி ஒன்றில் 1808ஆம் ஆண்டு ‘இருபது காசு’ நாணயம் ஒன்றுக்கு ‘டபுள் டை’ (அச்சிலேயே எழுத்து இரட்டித்தது) என்று சீட்டு எழுதி, வழக்கமான விலையைவிடப் பல மடங்கு போட்டு வைத்திருந்தார் ஒரு வியாபாரி. கையில் வாங்கிப் பார்த்தேன். ஆண்டின் எட்டுகளை ஒட்டி நிழல்போல இன்னொரு கோடு தெரிந்தது உண்மைதான். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திக் காசை மெல்லத் திருப்பியதும் விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் கோடு திரண்டு எழும்பவில்லை. எண்ணின் ஓரத்தைச் சீவி எடுத்த மாதிரி தட்டையாக, தாழ்வாகக் கிடந்தது. காசை அடிக்கும் நேரத்தில், அதில் எழுத்தைப் பதிக்கும் உலோக அச்சு லேசாக நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அச்சிலேயே இரட்டிப்பு இருந்தால் இரண்டாவது எண்ணுக்கும் திரட்சி இருக்கும், கோடுகள் முடியும் முனைகளில் சின்னதாகப் பிளவு தெரியும். அவரும் நம்பித்தான் விற்கிறார் என்று தோன்றியதால் வாக்குவாதம் செய்யாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மதராஸ் ராஜதானிக்காக பர்மிங்காம் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்த காசு இது. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கிழக்கிந்தியக் கம்பெனிச் சின்னம், மறுபக்கம் இருபது காசுக்கு நான்கு ஃபுலூஸ் (அன்றைய இன்னொரு நாணயக் கணக்கு) என்று சொல்லும் பாரசீக வரி. இவற்றை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போனது. 1980களில் முக்குளித்து எடுத்த காசுகள் உலகம் முழுக்கப் பரவின. நமக்கு அதில் லாபம், ஒரே ஆண்டுக் காசு பலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தொல்லையும் உண்டு. உப்புத் தண்ணீர் தின்ற காசில் எழுத்து ஓரங்கள் கன்னாபின்னாவென்று மாறியிருக்கும், அதைப் புது வகை என்று நினைக்கத் தோன்றும்.

இங்கே நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே கணக்கு. அச்சில் பள்ளம் விழுந்தால் காசில் மேடு வரும். அச்சு துருப்பிடித்திருந்தால் காசின் வெற்றிடத்தில் கொப்புளம் மாதிரி சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும். காசே அரித்திருந்தால் குழிகள்தான். அச்சில் விரிசல் விட்டால் மேடான கோடு, யாரோ கீறினால் பள்ளமான கோடு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பும் (கைலென்ஸ்) ஒற்றை விளக்கும் போதும். நாலா பக்கமும் வெளிச்சம் விழும் மேஜையில் மேடும் பள்ளமும் ஒன்றாகத்தான் தெரியும்.

என் இருபது காசு ஒன்றில் ஆண்டுக்குக் கீழிருந்து விளிம்பை நோக்கி முடி போல மேடான ஒரு கோடு ஓடுகிறது. இதைப் பார்த்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர், “தம்பி, ஜோடி கிடைக்கட்டும், அப்புறம் பேர் வைக்கலாம்” என்றார். ரொம்ப நாள் கழித்து ஒரு கலவைக் குவியலில் ஜோடி அகப்பட்டது. அதே இடத்தில் அதே கோடு, ஆனால் இதில் விளிம்பைத் தொட்டு, எதிர்த்திசையிலும் கொஞ்சம் நீண்டிருந்தது. ஒரே அச்சு, விரிசல் வளர வளர அடித்திருக்கிறார்கள். எது முன்னால் அடித்தது, எது பின்னால் என்றுகூடச் சொல்ல முடிந்ததில் எனக்கு ஏக சந்தோஷம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் 1858 காலணாவைத்தான் சொல்வேன். ‘ஒன் குவார்ட்டர் அணா’ என்ற எழுத்தைச் சுற்றியுள்ள இலை வளையத்தின் நுனியைப் பாருங்கள். சிலவற்றில் ஒற்றை இலை, சிலவற்றில் இரட்டை. நாணயப் பட்டியல் நூல்களே தனித்தனி எண் கொடுத்திருக்கும் வித்தியாசம் இது. கண் பழகியபின் 1835 காலணாவுக்குப் போகலாம். அது பல ஆலைகளில் அடித்தது, எழுத்தின் அளவும் இடைவெளியும் பார்க்கப் பார்க்கத் தீராது.

ராமர் பட்டாபிஷேகம் போட்ட ‘1818 அரை அணா’வில் வகை கேட்டு மட்டும் யாரும் வராதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை.

ஆண்டுக்குக் கீழே கோடு ஓடும் 1808 உங்களிடம் இருந்தால், கழுவாமல் தேய்க்காமல் பக்க வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். என்னுடைய இரண்டுக்கும் நடுவில் வரும் நிலை ஒன்று எங்கேயோ இருக்க வேண்டும்.