காதுக்குப் பின்னால் கோலிக்குண்டு அளவுக்குக் கீலாய்டு (புண் ஆறிய பின்னும் வளர்ந்துகொண்டே போகும் தழும்பு): உடனே வெட்டி எடுத்துவிடலாமா?

தண்டையார்பேட்டை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 19 வயது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் தோழிகளோடு எம்.சி. ரோடு கடைவீதிக்குப் போனவள், இரண்டு காதிலும் மேலே இன்னொரு ஓட்டை குத்திக்கொண்டு வந்தாள். இடது காது ஆறிவிட்டது. வலது காதில் கொஞ்ச நாள் சீழ் வைத்து, அப்புறம் காய்ந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தால் தோட்டுக்குப் பின்பக்கம் சின்னதாக ஒரு தடிப்பு. அது நிற்காமல் வளர்ந்து இப்போது கோலிக்குண்டு அளவில், வழவழவென்று, கருஞ்சிவப்பாக இருக்கிறது. முன்பக்கம் குத்திய இடத்திலும் லேசாக எழும்ப ஆரம்பித்திருக்கிறது.

ராத்திரியில்தான் தொல்லை அதிகம். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் சுருக்கென்று குத்துகிறதாம். தூக்கத்திலேயே சொறிந்துகொள்கிறாள். துப்பட்டா நூல் மாட்டி இழுத்துவிட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. முடியை முன்னால் இழுத்துவிட்டுக் காதை மூடிக்கொண்டுதான் வெளியே கிளம்புகிறாள்.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். அரை மணி நேர வேலை, லேசரில் வெட்டித் தையல் போட்டு அன்றைக்கே அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். தை மாதம் என் தம்பி மகள் கல்யாணம். அதற்குள் முடித்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். மாமியார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு நெஞ்சில் ஒரு தழும்பு பல வருடமாகப் படர்ந்து கிடக்கிறது. "கத்தி வச்சா இன்னும் பெருசாகும்டி" என்கிறார். மகளுக்குப் பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பும் இடது கையில் நன்றாக எழும்பித்தான் இருக்கிறது.

யார் சொல்வதைக் கேட்பது? இது வேறு ஏதாவது கட்டியாக இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ராயபுரத்துக்காரன்:

அக்கா, உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். எனக்கு நடு நெஞ்சில் பரு வந்து ஆறிய இடத்தில் கீலாய்டு. காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிற வேலை. வியர்வை பட்டாலே எரியும், சட்டை பட்டன் உரசினால் இன்னும் மோசம். ஒரு தனியார் கிளினிக்கில் வெட்டினார்கள். தையல் பிரித்து அனுப்பியதோடு சரி, மேற்கொண்டு எந்த வைத்தியமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் பழையபடி வளர்ந்தது. முன்னைவிட நீளமாக, தையல் போட்ட புள்ளிகளிலும் தனித்தனியாக எழும்பியது.

அப்புறம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவில் மாதம் ஒரு ஊசி என்று தொடர்ந்து போட்டார்கள். வலி இருக்கும் அக்கா, மறைக்க மாட்டேன். தழும்பு ரப்பர் மாதிரி கெட்டியாக இருப்பதால் முதலில் மருந்து இறங்கவே மறுக்கும். டாக்டர் அழுத்தி ஏற்றும்போது அந்த இடம் கண்ணெதிரே வெளுத்துக்கொண்டு வரும். ஆனால் மேடு அமுங்குவதற்கு முன்னாலேயே அரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அதுவே பெரிய விடுதலை. இப்போது தட்டையாகிவிட்டது. சுற்றிலும் தோல் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மணலி வாசி:

எங்கள் தெருவில் ஒருவருக்கு மருவைக் குதிரைமுடியால் இறுக்கிக் கட்டினார்கள், காய்ந்து விழுந்துவிட்டது. பூண்டை நசுக்கி வைத்தாலும் அமுங்கும் என்பார்கள். செலவில்லாத வைத்தியம், முயற்சி செய்து பாருங்கள்.

பெரம்பூர் சிஸ்டர்:

மணலிக்காரரே, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் தயவுசெய்து இந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம். மரு வேறு, கீலாய்டு வேறு. முடி கட்டினால் புண்ணாகும், பச்சைப் பூண்டு தோலைச் சுட்டுவிடும். புதிதாக ஒரு புண் வந்தால் கீலாய்டு அதையும் பிடித்துக்கொண்டு வளரும்.

அம்மா, நான் தோல் ஓ.பி.யில் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ். காதைப் பிடித்துக்கொண்டு வருகிற இந்த வயதுப் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் பயத்தை விடுங்கள். கீலாய்டு புற்றுநோய் இல்லை, யாருக்கும் தொற்றாது. புண் ஆறும்போது உடம்பு கொலாஜன் என்ற நாரை வைத்து அந்த இடத்தை அடைக்கும், வேலை முடிந்ததும் நிறுத்திக்கொள்ளும். சிலருக்கு நிற்பதில்லை. சாதாரணத் தடித்த தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே இருந்து நாளாக ஆக அமுங்கும். கீலாய்டு எல்லையைத் தாண்டிப் படரும், தானாக அடங்குவது அபூர்வம். நம் போன்ற கறுத்த தோலில் அதிகம். 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் அதிகம். காது, நடு நெஞ்சு, தோள்பட்டை, தாடை ஓரம், இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். பாட்டிக்கு நெஞ்சில், பேத்திக்கு பி.சி.ஜி. தழும்பிலேயே என்றால் அது குடும்பத்தில் வருகிற உடல்வாகு. டாக்டர் கேட்காவிட்டாலும் இந்த இரண்டையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கருஞ்சிவப்பும் அரிப்பும் இருக்கிறது என்றால் அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே ரத்த ஓட்டம் அதிகம். நிறம் தணிந்து, அரிப்பு நின்றால்தான் அடங்குகிறது என்று எடுத்துக்கொள்வோம்.

இப்போது வெட்டுகிற விஷயம். வெட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். காதில் கோலிக்குண்டு அளவுக்கு உருண்டு நிற்பதைப் பல டாக்டர்கள் வெட்டித்தான் எடுப்பார்கள். ஆனால் வெட்டுவதோடு நிறுத்தினால் திரும்ப வருவது 45 முதல் 100 சதவீதம் வரை என்று மருத்துவப் புத்தகங்களிலேயே இருக்கிறது. லேசரில் வெட்டினாலும் அதுவும் காயம்தான். அதனால் அந்தக் கிளினிக்கில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "வெட்டிய பிறகு என்ன செய்வீர்கள்?" தையல் பிரித்த பின் மாதாமாதம் ஊசி, காதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கிற கிளிப், சிலிகான் ஜெல், குறைந்தது ஒரு வருடம் கண்காணிப்பு என்று சொன்னால் யோசியுங்கள். ஒன்றும் தேவையில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அடிக்கடி திரும்ப வருபவர்களுக்கு வெட்டிய ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. 19 வயதுப் பெண்ணுக்கு எடுத்த எடுப்பில் அதற்குப் போகமாட்டார்கள்.

தம்பி சொன்ன ஊசி ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு. தழும்பைப் பார்த்து மில்லிக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை எடுப்பார்கள். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. பிடிவாதமான தழும்புக்கு 5-எஃப்.யூ. என்ற மருந்தையும் சேர்ப்பார்கள். தழும்புக்கு உள்ளே போட வேண்டிய மருந்து அடியில் கொழுப்பில் இறங்கினால் அங்கே குழி விழும். ஆகவே பழகிய கையாக இருக்க வேண்டும். தோல் மெலிவது, வெளிறுவது, மாதவிடாய் முன்பின் ஆவது, இதெல்லாம் வரலாம். சர்க்கரை இருப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசிக்கு முன் திரவ நைட்ரஜனால் உறைய வைத்துத் தழும்பை மென்மையாக்குவதும் உண்டு. அதுவும் நம் நிறத்தில் வெள்ளைத் திட்டு விடும்.

முன்பக்கம் இப்போதுதான் எழும்புகிறது என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். சின்னதாக இருக்கும்போது அடக்குவது சுலபம். சிலிகான் ஷீட்டோ ஜெல்லோ டாக்டர் சொன்னால், நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மாதக்கணக்கில் போட வேண்டும். நாலு நாள் தடவிவிட்டு மாற்றம் இல்லை என்று பாட்டிலை அலமாரியில் வைத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்தது.

ஸ்டான்லியில் தோல் பிரிவும் இருக்கிறது, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவும் இருக்கிறது. முதலில் தோல் பிரிவில் காட்டுங்கள், வெட்ட வேண்டியது என்றால் அங்கிருந்தே அனுப்புவார்கள். தைக்குள் முழுதாகப் போய்விடும் என்று மட்டும் பிள்ளைக்கு ஆசை காட்டாதீர்கள். இதற்கு மாதக்கணக்கு ஆகும். அரிப்பும் வலியும் சீக்கிரம் குறையும்.

தண்டையார்பேட்டை அம்மா:

ரொம்ப நன்றி சிஸ்டர், நன்றி தம்பி. வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டினேன், ஸ்டான்லிக்கே போகலாம் என்று ஒத்துக்கொண்டார். இரண்டு சந்தேகம். ஊசி வலியைத் தாங்குவாளா என்று பயமாக இருக்கிறது. கல்யாணத்துக்கு மூக்குத்தி குத்திக்கொள்கிறேன் என்றும் அடம் பிடிக்கிறாள். மூக்கில் வராது, காதில் மட்டும்தான் வரும் என்கிறாள்.

பெரம்பூர் சிஸ்டர்:

மூக்கு வேண்டவே வேண்டாம் அம்மா. மூக்கிலும் வரும், அங்கே வந்தால் முகத்துக்கு நடுவில். குத்தாமல் அழுத்தி மாட்டுகிற மூக்குத்தி கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கிக் கொடுங்கள். ஆறிப்போன இடது காதை அப்படியே விடுங்கள், கனமான ஜிமிக்கி மட்டும் போட வேண்டாம். ஊசியில் மரத்துப்போகிற மருந்தையும் கலந்து போடுவார்கள், முன்கூட்டியே தடவுகிற கிரீமும் உண்டு. பயப்படுகிற பிள்ளை என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப்போகாதீர்கள், வரிசையில் நின்று மயங்கி விழுவார்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட வைத்துக் கூட்டிப்போங்கள்.