புதுப்பிப்பு: கேம்பர் டிரெய்லர் இழுக்க எந்த பிக்கப்? முடிவு செய்துவிட்டேன்

சாமானோடு 2,700 கிலோ வரும் கேம்பர் டிரெய்லருக்கு (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும், உள்ளே தங்கும் வசதியுள்ள டிரெய்லர்), 4,000 கிலோ இழுக்கும் அரை டன் பிக்கப் (இது அளவு வகையின் பெயர்தான், தாங்கும் எடை அல்ல) போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போதாது. “கதவோர ஸ்டிக்கரைப் பார்” என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஓட்டுநர் கதவைத் திறந்து பார்த்தேன்: ஆட்களும் சரக்கும் சேர்ந்து 640 கிலோவைத் தாண்டக் கூடாது. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் பிக்கப்பின் கொக்கியில்தான் இறங்கும்; அதுவும் இந்த 640-இல் சேரும். 12 என்று வைத்தாலே 324 கிலோ. நாங்கள் நால்வர் 270. மிச்சம் வெறும் 46 கிலோ. அதற்குள் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு), டூல் பாக்ஸ், அப்புறம் எங்கள் நாய்.

சரி என்று 1,150 கிலோ தாங்கும் முக்கால் டன் வண்டியையே எடுத்துவிட்டேன். காலியாக ஓட்டினால் கொஞ்சம் தூக்கிப் போடுகிறது. ஆனால் நேற்று இறக்கத்தில் ஒரு பெரிய லாரி பக்கத்தில் விர்ரென்று கடந்தபோதும் டிரெய்லர் ஆடவில்லை. டிரெய்லரின் பிரேக்கை வண்டியிலிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலரை மட்டும் இன்னும் சரியாக அமைக்க வேண்டும்.