ஆண்களே அதிகம் இறந்த தொற்றில் பெண்களுக்கு என்ன தனிப் பாதிப்பு?

கேள்வி (சமூகவியல் முதுகலை மாணவர்):
கொரோனாக் காலத்தில் இந்தியாவில் பதிவான இறப்புகளில் பெரும்பான்மை ஆண்களுடையவை. அப்படியிருந்தும் ஏழைப் பெண்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள் என்று பல கட்டுரைகள் கூறுகின்றன. வருமானம் ஆண்களுக்கும்தானே போயிற்று? பொத்தாம்பொதுவாக அல்லாமல், களத்தில் இருந்தவர்கள் விளக்கினால் என் ஆய்வுக்கு உதவியாக இருக்கும்.

பதில் 1 (வீட்டுவேலைத் தொழிலாளர் சங்க ஊழியர், சென்னை):
இறப்புக் கணக்கில் தொற்றால் இறந்தவர்கள் மட்டுமே வருவார்கள். மற்ற நோய்களோடு போராடியவர்கள் வரமாட்டார்கள். நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்ட பெண்களில் பலர், பேருந்து ஏறிப் போய்த்தான் வீட்டுவேலை செய்து வந்தார்கள். 2020 மார்ச் இறுதியில் நின்ற மாநகரப் பேருந்துகள் செப்டம்பர் 1 அன்றுதான் மறுபடி ஓடின. இடையில் ஊரடங்கு தளர்ந்தபோதும், வேலைக்காரப் பெண்களை உள்ளே விடுவதில்லை என்று பல அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் தாமாகவே விதி வகுத்துக்கொண்டன.

ரேஷனில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை விலையில்லாமல் கிடைத்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் நீரிழிவு நோயுள்ள ஒரு பெண் மூன்று வேளையும் வெறும் சோற்றையே உண்டு, அரசு மருத்துவமனையில் வாங்கிய ஒரு மாத மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்து இரண்டு மாதத்துக்கு ஓட்டியதை நான் பார்த்தேன். வீட்டில் முட்டை வாங்கிய நாளில் அது பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போயிற்று. போதாததற்கு, குழுக் கடனின் தவணையை ரிசர்வ் வங்கி ஆகஸ்டு வரை தள்ளிப்போட அனுமதித்தாலும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் கடன் பெண்ணின் பெயரில் இருந்ததால், தூக்கம் கெட்டதும் அவளுக்குத்தான்.

பதில் 2 (ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்):
மேலே சொன்னதோடு காலக்கெடுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 திருத்தத்துக்கு முன்பு கருக்கலைப்புக்குப் பொதுவான சட்ட வரம்பு 20 வாரம். 12 வாரத்தைத் தாண்டினால் இரண்டு மருத்துவர்களின் கருத்து தேவை. அரசு இச்சேவையை அத்தியாவசியமானது என்றுதான் அறிவித்தது, ஆனால் கருத்தடை மாத்திரையே கைக்கு எட்டாமல் கருவுற்ற பெண், யாரிடமும் சொல்லாமல் நகரத்து மருத்துவமனைக்கு எதில் போவாள்? கார் வைத்திருப்பவருக்கு இரண்டு மணி நேரமாக இருந்தது இவளுக்கு இரண்டு மாதமாக நீண்டது. இரத்தசோகையும் அப்படித்தான்: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு அது உண்டு, ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கே. ஏற்கெனவே சோர்ந்திருந்த உடம்பின் மீதுதான் ஊரடங்கு வந்து விழுந்தது.

பதில் 3:
சிறிய மாறுபாடு ஒன்று. வசதியுள்ள பெண்களும் தப்பவில்லை. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலைகளில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்தபின் அந்தச் சுமை யார் தலையில் ஏறியிருக்கும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. ஆனாலும் வீட்டுக்குள் வன்முறை நடந்தால், தனி அறையும் தனிக் கைப்பேசியும் உள்ளவர் உதவி எண்ணை அழைக்கலாம். ஒரே அறையில், பிள்ளையின் இணைய வகுப்புக்கும் கணவருக்கும் பொதுவான ஒரே கைப்பேசி இருக்கும் வீட்டில், அடிப்பவர் அருகிலேயே அமர்ந்திருக்க, எப்படி அழைப்பது? ஆகவே புகார் வரவில்லை என்பதை வன்முறை இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கள ஆய்வில் இதை எங்கிருந்து தொடங்கலாம், அம்மா?

பதில் 2 எழுதியவர்:
சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசென்று கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில், வழக்கமாக மாத்திரை வாங்கியவர்களில் யார் வராமல் போனார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில், உரிய அனுமதி பெற்றுப் பாருங்கள். பிறகு அந்த வீடுகளுக்குப் போங்கள், தம்பி. ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.