அயர்லாந்துப் பேர் 'ஃபியக்ரா': கருத்து என்ன, தமிழில எப்பிடி எழுதிறது?

கோண்டாவில்_அம்மம்மா:

மகளுக்கு அயர்லாந்தில, கோல்வேயில, ஆம்பிளைப் பிள்ளை. மருமகன் அந்த ஊர்க்காரர். பிள்ளை மூலம் நாலாம் பாதம், எழுத்து 'பி' எண்டு ஐயர் குறிச்சுத் தந்தவர். சம்பந்தி வீட்டுக்காரர் ஃபியக்ரா எண்டொரு பேரைச் சொல்லி, உங்கட எழுத்தும் வருது தானே எண்டு கேக்கினம். ஆங்கிலத்தில எவ், ஐ, ஏ, சி, எச், ஆர், ஏ. இது ஆற்றை பேர், என்ன கருத்து, அங்க கனபேருக்கு இருக்கோ? காகத்தின்ட பேர் எண்டு ஒருத்தர் சொல்லிப்போட்டார், அதுதான் மனசுக்குள்ள உறுத்துது. இஞ்ச சொந்தக்காரர் கூப்பிட ஏலுமோ? தமிழில எப்பிடி எழுதிறது? பேர் வைக்கிற 31ஆம் நாளுக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு.

ஊர்காவற்றுறையான்:

அம்மா, பேர் நல்ல பழசு. 'ஃபியக்' எண்டது அயரிஷ் மொழியில பெரிய கருங்காக்கை. கடைசி 'ரா'வை அரசன் எண்ட சொல்லோட சேர்த்து 'காக்கை அரசன்' எண்டு பிரிக்கிறவையும் இருக்கினம்.

ஆனா அது எங்கட முருங்கையில நிண்டு கரையிற காகமில்லை. யாழ்ப்பாணத்தில இருக்கிறது ரெண்டு: சாம்பல் கழுத்துக் காகம், மற்றது அண்டங்காகம். ஃபியக் அதுகளைவிடப் பெருத்த, மலையிலயும் கடலோரப் பாறையிலயும் கூடு கட்டிற வேற இனம், இலங்கையில இல்லவே இல்லை. சாதாரணக் காகத்துக்கு அயரிஷில வேற சொல் இருக்கு. அதால புரட்டாதிச் சனியையும் சனீஸ்வரன்ட வாகனத்தையும் இதுக்குள்ள கொண்டு வராதேங்கோ. அப்பிடிப் பார்த்தாலும் சங்கப் புலவர் ஒருத்தருக்கே காக்கைபாடினியார் எண்டு பேர் நிண்டிருக்கு.

இந்தப் பேர்க்காரர் மூண்டு பேரை அங்க எல்லாருக்கும் தெரியும். முதலாவது, நயல் எண்ட பேர்போன பழைய அரசனுக்குத் தகப்பன் வழிச் சகோதரன், தாய் வேற. அவன்ட வம்சத்துக்கே ஃபியக்ராவின்ட பேர்தான். ஒரு கிளை தெற்குக் கோல்வேயை ஆண்டது, ஓ'ஷாக்னசி எண்ட குடும்பப் பேர் அதில வந்தது. மற்றக் கிளை ஸ்லைகோ, மேயோப் பக்கம், ஓ'டவுட் குடும்பம். சம்பந்தி வீட்டார் கோல்வே எண்டா அவை இந்தப் பேரைக் கேக்கிறதில ஆச்சரியமில்லை, மண்ணின்ட பேர் அது.

ரெண்டாவது கதையில வாறவன். லிர் எண்டவன்ட நாலு பிள்ளையளைச் சிறிய தாய் அன்னங்களாக்கி விடுறாள், 300, 300, 300 எண்டு மூண்டு தண்ணியில 900 வருசம். அதில ஒருத்தன் ஃபியக்ரா. சோகக்கதைதான், ஆனா அங்க சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லிற கதை.

மூண்டாவது புனிதர். அயர்லாந்திலயிருந்து பிரான்சுக்குப் போய், பாரிசுக்குக் கிழக்கால இருக்கிற மோ நகரத்துக்குக் கிட்டத் தோட்டம் செய்து இருந்தவர், 670 அளவில இறந்தவர். பிரெஞ்சுக்காரர் பேரை 'ஃபியாக்ர்' ஆக்கிப்போட்டினம். ஒரு நாளைக்குள்ள எவ்வளவு நிலத்தைச் சால் போட ஏலுமோ அவ்வளவும் உனக்கு எண்டு ஆயர் சொன்னவராம். சுருவத்தில கையில மண்வெட்டி இருக்கும், தோட்டக்காரரின்ட காவலர். 17ஆம் நூற்றாண்டில பாரிசில வாடகைக் குதிரை வண்டில் விட்ட இடத்தில இவற்றை படம் தொங்கினதால அந்த வண்டிலுக்கே ஃபியாக்ர் எண்டு பேர் வந்திட்டுது, பிறகு டாக்சிக்காரரும் இவரைத் தங்கட காவலராக்கிப்போட்டினம். பாரிசில லா சப்பலில இருக்கிற உங்கட ஆக்களிட்டச் சொன்னா இந்தப் பேர் கெதியாப் பிடிபடும்.

திண்ணைவேலி_வாத்தி:

எழுத்துப் பக்கம் நான் சொல்லுறன். முதல்ல ஒரு கண்டிப்பான விசயம்: தமிழில நெடில் போட்டு 'ஃபீ' எண்டு எழுத வேண்டாம். எங்கட ஆக்கள் ஆய்தத்தை வாசிக்கிறேல்லை. காஃபியைக் கோப்பி ஆக்கினதும், பள்ளிக்கூடக் காசைப் பீஸ் ஆக்கினதும் நாங்கள்தான். ஆய்தம் விழுந்தா மிஞ்சிறது என்னவெண்டு உங்களுக்கே விளங்கும், பெடியள் பகிடி பண்ண அது ஒண்டே காணும். குறில் போட்டு 'ஃபிய' எண்டு எழுதினா உச்சரிப்பும் கெடாது. அயரிஷில அது 'ஈ'யும் 'அ'வும் வழுகிச் சேருற ஒலி, 'பிய' எண்டு சொல்லேக்க அது தானா வரும். அழுத்தம் முதல் அசையில.

அடுத்தது நடுவில இருக்கிற ஒலி. அதை 'ச' எண்டு வாசிச்சா பிழை, இறுக்கமான 'க' எண்டாலும் பிழை. 'பகல்' எண்டு சொல்லேக்க வாற மெதுவான க-வைக் கொஞ்சம் அழுத்தித் தொண்டையில உரசினாச் சரி. ஆங்கிலேயருக்கு வராத ஒலி, எங்களுக்குப் பாதி ஏற்கெனவே வாயில இருக்கு. பிரச்சினை, 'க்ரா' எண்டு எழுதினா சக்கரத்தில வாற மாதிரி இறுகிப் போகும். 'ஃபியஹ்ரா' ஒலிக்குக் கிட்ட, ஆனா கொஞ்சம் மெத்தப் போகுது. 'ஃபியஃரா' எண்டு ரெண்டு ஆய்தம் போட்டா, முதலாவது வெறும் குறி, ரெண்டாவது உண்மையான ஆய்த ஒலி, கேக்க அருமை. இலக்கணம் விடாது: ஆய்தம் குறிலுக்குப் பின்னால, வல்லினத்துக்கு முன்னால தான் வரவேணும், ர இடையினம். நான் எண்டா பத்திரத்தில ஃபியக்ரா எண்டு எழுதிப்போட்டு, வாயால சரியாச் சொல்லப் பழக்குவன்.

வயாகராப் பகிடி வரும், அதுக்கும் மனசைத் தயார்ப்படுத்துங்கோ. 'யா' எண்டு நீட்டாமல் 'ய'வோட நிப்பாட்டினா அது பாதி குறையும்.

வாக்கியக்காரன்:

ஐயர் தந்த எழுத்தைப் பற்றி ஆரும் கேக்கேல்லை. மூலத்துக்கு யே, யோ, ப, பி. சரி. ஆனா தமிழ்ப் பஞ்சாங்கத்தில எல்லாம் ஒரே 'ப' தான், வடமொழி அட்டவணையில மூலத்தின்ட நாலாம் எழுத்து கனத்த 'பி', பாரதியின்ட பா-வின் இனம். எவ் ஒலிக்குக் கிட்டவா நிக்கிறது 'பலன்' எண்டதில வாற வடமொழிப் 'ப', அது பூராடம் மூண்டாம் பாதம். அதால சம்பந்தி சொன்ன 'எழுத்தும் வருது' எண்டது தாளில மட்டும் உண்மை.

அதைவிடப் பெரிய சந்தேகம் நேரம். ஒரு பாதம் ஏறக்குறைய 6 மணித்தியாலம். அயர்லாந்துக்கும் இலங்கைக்கும் மாரியில 5½ மணித்தியாலம், கோடையில 4½ (அங்க மார்ச் கடைசி ஞாயிறிலயிருந்து ஒக்ரோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைப்பினம்). ஆஸ்பத்திரியில எழுதின நேரத்தை மாத்தாமல் அப்பிடியே இஞ்சத்தைப் பஞ்சாங்கத்தில பார்த்திருந்தா கிட்டத்தட்ட முழுப் பாதம் பிழைச்சிருக்கும். நாலாம் பாதம் எண்டது பூராடம் முதலாம் பாதமாகி, எழுத்து 'பூ' ஆகிடும். ஐயரிட்டத் திருப்பிக் கேளுங்கோ: நேரம் மாத்தினவரோ, பார்த்தது வாக்கியப் பஞ்சாங்கமோ திருக்கணிதப் பஞ்சாங்கமோ.

மூலம் எண்டது சரியா வந்தாப் பயப்பட ஒண்டுமில்லை. ஆண் மூலம் அரசாளும், பேரும் காக்கை அரசன். இன்னொண்டு, ஊர்காவற்றுறையான் மரியாதைக்கு விட்டிட்டார் போல: அந்த மண்வெட்டிப் புனிதரை மூல வியாதிக்காரரும் கும்பிடுறவை, ஐரோப்பாவில அந்த வருத்தத்துக்கே இவற்றை பேரைச் சொல்லிறது வழக்கம். மூல நட்சத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தம் தேடினாலும் கிடையாது.

கோண்டாவில்_அம்மம்மா:

நேரம் மாத்தினவரோ எண்டு ஐயரிட்டக் கேக்கிறன், அது எனக்கு யோசனையே வரேல்லை. மூலக் கதையை மகளுக்குச் சொல்லமாட்டன். கனபேருக்கு உள்ள பேரோ எண்டதை ஒருத்தரும் சொல்லேல்லையே?

லிஃபி_ஆத்தங்கரை:

அக்கா, அயர்லாந்தின்ட மத்திய புள்ளிவிபர அலுவலகம் 1964இலயிருந்து வருசா வருசம் எந்தப் பேர் எத்தினை பிள்ளைக்கு எண்டு வெளியிடுது, இணையத்தில இலவசமாத் தேடலாம். மூண்டு பிள்ளைக்குக் குறைஞ்ச பேரைக் காட்டாது. தேடேக்க எழுத்துக்கூட்டல் கவனம். ஃபியக்னா, ஃபியகா ரெண்டும் வேற ஆம்பிளைப் பேர். 'ஃபியா' பொம்பிளைப் பேர், 2021இல பொம்பிளைப் பிள்ளையளில முதலாம் இடம் அதுக்குத்தான், ஃபியக்ராவை அதோட குழப்பிற ஆக்கள் இருக்கினம். ஆம்பிளைப் பிள்ளையளில 2007க்குப் பிறகு பெரும்பாலான வருசம் ஜாக் தான் முன்னுக்கு. ஃபியக்ரா முதல் பத்துக்குள்ள வந்ததே இல்லை. அயர்லாந்துக்குள்ள ஆரும் முழிச்சுப் பார்க்காயினம், வெளியில போனா ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிச் சொல்லவேண்டி வரும்.

இப்பிடிப் பேருகள் நடுவில மங்கினதுக்குக் காரணம் இருக்கு. ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகளில அயரிஷ் பேரை அப்பிடியே எழுதிறேல்லை, ஏதோ கிட்ட வாற ஆங்கிலப் பேரைப் போட்டுவிடுறது. தைக் எண்டவன் திமோத்தி, டியர்மட் எண்டவன் ஜெரமையா. வட்டுக்கோட்டைச் செமினரியில படிச்சவை கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆன கதைதான். 1893இல கேலிக் சங்கம் துவங்கி மொழியைத் தூக்கி நிமித்தினதோடதான் பழம்பேருகள் திரும்பத் தலை காட்டினது.

பதிவுக்கு மூண்டு மாசம் தவணை, 31க்காக அந்தரப்பட வேண்டாம். ஃபியக்ராவில ஒரு வசதி: எழுத்துக்கு மேல கோடு இல்லை. அயரிஷில அந்தக் கோடு எங்கட நெடில் மாதிரி, விட்டாக் கருத்தே மாறும். ரீயன் எண்டு இப்ப நல்லா ஓடுற ஒரு பேர் இருக்கு. கோட்டோட எழுதினாச் 'சின்ன அரசன்', கோடு இல்லாட்டி 'தடம்'. கடவுச்சீட்டின்ட அடி வரியிலயும் விமான ரிக்கற்றிலயும் கோடு வராது. (அந்த 'ரீ'யும் எங்கட இராசனில இருக்கிற 'ரா'வும் ஒரே வேர். அப்ப ரீயன் எண்டது சின்னராசா தான்.)

கூப்பிடுறதைப் பற்றியும் கேட்டனீங்கள். அயரிஷில ஒருத்தரை விளிக்கேக்க பேருக்கு முன்னால ஒரு 'அ' வரும், முதல் எழுத்து மெலியும். எவ் மெலிஞ்சா ஒலியே இல்லை. ஃபியக்ராவைக் கூப்பிடேக்க 'அ ஈயக்ரா'.

கோண்டாவில்_அம்மம்மா:

அப்ப எவ்வே வராதோ? வாத்தி சொன்ன பயம் இல்லையோ?

லிஃபி_ஆத்தங்கரை:

அயரிஷில கதைக்கேக்க, நேர கூப்பிடேக்க மட்டும் வராது. 'ஃபியக்ரா வந்திட்டான்' எண்டு சொல்லேக்க எவ் இருக்கும், ஆங்கிலத்தில எப்பவும் இருக்கும். பத்திரத்தில மாறாது. நாங்கள் கண்ணனைக் கண்ணா எண்டு வாலை மாத்திறம், அவை தலையை மாத்தினம். பாட்ரிக்கைக் கூப்பிடேக்க 'அ ஃபாட்ரிக்', அங்க ப தான் எவ் ஆகும், எங்கட ஆக்கள் செய்யிறதுக்கு நேர் எதிர். கோல்வேக்கு மேற்கால கொனமாராவில இப்பவும் அயரிஷ் கதைக்கிற ஊருகள் இருக்கு. மருமகனிட்ட ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லி, ஃபோனில பதிஞ்சு அனுப்பச் சொல்லுங்கோ. இஞ்ச இருக்கிற ஆக்கள் அதைக் கேட்டுப் பழகினாச் சரி.