உதவி: உடல்நீர் கணக்கு ஏடாகூடமா வருது, அவசரம்

நிலவன்_ஆய்வு:
62 கிலோ பையன். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) இருக்கற கனநீரைக் குடிக்க வெச்சு, அது உடம்புல எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு பார்க்கற முறையில உடல்நீர் 43.5 கிலோ வருது. கொழுப்பில்லாத உடம்புல சுமார் 73% நீர்னு வெச்சா, கொழுப்பு வெறும் 4%! ஆளைப் பார்த்தா அப்படி இல்ல. நாளைக்கு கைடு கேப்பார். எங்க தப்பு?

கயல்:
டோஸ் எவ்வளவு? சாம்பிள் எச்சிலா, சிறுநீரா? எத்தனை மணிக்கு எடுத்தீங்க? குடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்தீங்களா?

மதுரைவீரன்7:
சிரிஞ்சுல அளந்திருப்பீங்க. கனநீர் மில்லிக்கு 1.1 கிராம். 30 மில்லின்னா 33 கிராம் உள்ள போயிருக்கும். கண்ணை மூடிட்டு சொல்றேன், இதான்.

பழையஆய்வகம்:
கண்ணைத் திறந்துட்டு கணக்கு போடுங்க தம்பி. டோஸ் கூடப் போனா செறிவு ஏறும், நீர் குறைச்சலா வரும். இங்க வர்றது தலைகீழ். 1934-ல ஹெவ்ஸி, ஹோஃபர்ங்கற விஞ்ஞானிகள் கனநீரைக் குடிச்சுப் பார்த்த காலத்துலயே, டோஸை செறிவால வகுக்கற இதே கணக்குதான். அடிப்படை தெரியாம சாம்பிளைத் தொடக்கூடாது.

நிலவன்_ஆய்வு:
எச்சில்தான் சார். தராசுல 30 கிராம். 3 மணி, 4 மணி ரெண்டு சாம்பிளுமே எஃப்டிஐஆர்ல (அகச்சிவப்பு ஒளி வச்சு அளக்கற கருவி) 690 மி.கி./கிலோ, முன் சாம்பிள் கழிச்சது. 30000/690.

கயல்:
1.041-ஆல வகுக்கலையா? கொஞ்சம் டியூட்டீரியம் புரதத்துல இருக்கற ஹைட்ரஜனோட இடம் மாறிடும், அதுக்குத்தான் அந்த வகுத்தல். 41.8 வரும். அப்பவும் எடையில 67% நீர், கூடதான்.

அன்புச்செல்வி:
கனநீர் கதிரியக்கம் இல்லையா? குடிக்கக் கொடுத்தீங்களா??

பழையஆய்வகம்:
அது டிரிட்டியம். டியூட்டீரியம் நிலையான ஐசோடோப்பு, உங்க சொம்புத் தண்ணியிலயே இருக்கு.

மதுரைவீரன்7:
இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு? ஜிம்ல மெஷின் மேல ஏறி நின்னா நிமிஷத்துல சொல்லுமே.

கயல்:
மெஷின் அளக்கறது மின்தடையை. நீர் எவ்வளவுன்னு சொல்றது அதுக்குள்ள இருக்கற சமன்பாடு. அந்தச் சமன்பாட்டையே இந்த மாதிரி டியூட்டீரியம் வச்சுதான் சரிபார்க்கறாங்க.

மதுரைவீரன்7:
எங்க டயட்டீஷியன் அதுலதான் பார்க்கறாங்க. ஊர்ல எல்லாரும் முட்டாளா?

கயல்:
நிலவன், பாட்டில்ல தண்ணி ஊத்தி அலசி, அதையும் குடிக்க வெச்சீங்களா? ஸ்ட்ராலயும் மூடியிலயும் ஒட்டிக்கிட்டு நிக்கும். அது வயித்துக்குப் போகாம கணக்குல மட்டும் இருந்தா இப்படித்தான் வரும்.

நிலவன்_ஆய்வு:
அலசல. பாட்டில், ஸ்ட்ரா இருக்கு. நிறுத்தா 2 கிராம் மிச்சம். 28, 1.041 போட்டா 39 கிலோ, கொழுப்பு 14%. நன்றி அக்கா!

பழையஆய்வகம்:
இத்தனை நாள் பாட்டில் மூடியிருந்துச்சா? திறந்திருந்தா ஆவியாகியிருக்கும், அந்த 2 செல்லாது. ஒழுங்கா புது டோஸ் கொடுங்க.

மதுரைவீரன்7:
மெஷின்ல இந்தத் தொல்லையே இல்ல.