அங்கோருக்கு மூன்று நாள்கள் போதுமா?

கேள்வி (ரோஸ் ஹில், மொரிசியஸ்): மனைவியுடனும் இரண்டு நண்பர் குடும்பங்களுடனும் டிசம்பரில் கம்போடியா சென்று, அங்கோரின் பழங்கோயில்களைப் பார்த்துவிட்டு, தைப்பூசக் காவடி விரதம் தொடங்குமுன் ஊர் திரும்ப எண்ணியுள்ளோம். அங்கோருக்கு மூன்று நாள்கள் போதுமா?

பதில்: போதும் ஐயா. மூன்று நாள் நுழைவுச்சீட்டைப் பத்து நாள்களுக்குள் பயன்படுத்தலாம் என்பதால், இடையில் ஒரு நாள் ஓய்வெடுங்கள். நாங்கள் ஓய்வின்றி அலைந்ததில் என் கணவருக்குக் கால் வீங்கிவிட்டது.

பதில்: பந்தியாய் ஸ்ரீயைத் தவறவிடாதீர்கள். 967இல் குடமுழுக்குக் கண்ட அந்தச் சிறு சிவன் கோயிலில், ராவணன் கயிலையை அசைக்க, அஞ்சிய உமையம்மை இறைவனைப் பற்றிக்கொள்ளும் காட்சியை, இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரவேலைப்பாடு போல நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். நம் தேவாரம் பாடும் அதே கதையை அங்கே கண்டு கண்கலங்கி நின்றேன்.

பதில்: அங்கோர் வாட்டின் உச்சித் தளத்தில் ஏற, தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம்.

கேட்டவர்: மிக்க நன்றி. ஒரு நாளைக் கூட்டிக்கொள்கிறோம்.